கண்ணாடி பீரோவுக்குள்ளே, கண்கள் வெளியே!



ஆண்டு மலர் என்றால் முதல் பாதி வாழ்த்துச் செய்தி, மறுபாதி காதல் கவிதை என்பது நம் வழக்கம். அந்தக் கவிதைகளில் கண்ணுக்கு மட்டும் பஞ்சமே இருக்காது. மான்விழி, மீன்விழி, வேல்விழி என்று எல்லா விழியும் வந்துவிடும். நான் எழுத வந்தது வெல்டிங் ஷாப்பில் சிவந்து போகிற சாதாரண விழியைப் பற்றி. கவிஞர்கள் மன்னிக்கவும்.

நம்ம வெல்டிங் ஷாப்பில் ஒரு பேட்ச் என்றால் 20 பேர். கையில் பிடிக்கிற ஷீல்டு 2. ஒன்று ராடு ஓட்டுகிறவர் கையில். இன்னொன்றில் கறுப்புக் கண்ணாடி விரிசல் விட்டு, இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. மீதிப் பேர் என்ன செய்கிறோம்? நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக பீட் எப்படி விழுகிறது என்று எட்டிப் பார்க்கிறோம். "ஆர்க்கைப் பார்க்காதீங்கடா"ன்னு சார் சத்தம் போடுவார். பார்க்காமல் எப்படிக் கற்றுக்கொள்வது? வெல்டிங் அடிக்கிறவரை விடப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதை வெளிப் பட்டறைகளிலும் பார்க்கலாம். மேஸ்திரி கையில் ஷீல்டு இருக்கும். ஆங்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான் அவனுக்குப் பாதுகாப்பு.

இத்தனைக்கும் நம்மிடம் கண்ணாடி இல்லாமல் இல்லை. ஷாப்பின் மூலையில் ஒரு பச்சை பீரோ. அதற்குள் பாலிதீன் கவர் பிரிக்காமல் காகிள்ஸ் அடுக்கி வைத்திருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் வருகிற அன்று வெளியே வரும், மறுநாள் உள்ளே போய்விடும். ஏன் சார் தரமாட்டேங்கிறீங்கன்னு கேட்டால், "தொலைஞ்சா யார்ப்பா பொறுப்பு? ரெஜிஸ்டர்ல என் கையெழுத்துல்ல இருக்கு" என்கிறார். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொல்வது நிஜம். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்த வெளிச்சம் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

வெல்டிங் ஆர்க்கிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் மட்டும் வருவதில்லை. புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்தே வருகின்றன. வெளிச்சம் கூசினால் இமை தானாக மூடிக்கொள்ளும். புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாதே, எதைப் பார்த்து மூடுவது? கறுவிழிக்கு மேலே வாட்ச் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதல்லவா, அதுதான் கார்னியா. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதற்கு மேல் மூடியிருக்கிற தோலோ 0.05 மில்லிமீட்டர்தான். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய நமக்கு அது எவ்வளவு மெல்லிசு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோல் கதிரை உறிஞ்சி வெந்து போகிறது. வெயிலில் காய்ந்தால் முதுகுத்தோல் உரிகிற அதே கதைதான்.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், அப்போதே வலிக்காது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். மத்தியானம் பிராக்டிகல் முடித்து, சாயங்காலம் வாலிபால் ஆடி, ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டினது போல ஆரம்பிக்கும். கண்ணைத் திறக்க முடியாது, மூடவும் முடியாது, தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டும். டியூப் லைட்டை அணைக்கச் சொல்லி ரூமில் சண்டையே வரும். ஒன்றிரண்டு நாளில் புதுத்தோல் மூடி, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சரியாகிவிடுவதுதான் நமக்கு வினை. "வெல்டிங்னா அப்படித்தான்டா, எல்லாருக்கும் ஒரு தடவை வரும்"னு அதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டோம்.

அந்த ராத்திரியில் நடக்கிற வைத்தியம் இன்னும் மோசம். தாய்ப்பால் வாங்கி விடச் சொல்வார்கள். விளக்கெண்ணெய் என்பார்கள். மூடின இமைமேல் வெள்ளரித் துண்டு வைத்தால் குளிர்ச்சி, கெடுதல் இல்லை. ஆனால் தோல் வெந்து கிடக்கிற கார்னியாவுக்குள் எதையும் ஊற்றுவது கிருமியைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற காரியம். எனக்கு அதிகப் பயம் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தில்தான். "கண்ணு சிவந்திருக்கு"ன்னு சொன்னாலே ஒரு பாட்டிலை நீட்டுகிற கடைகள் உண்டு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு சட்டென்று குறையும். உள்ளே பூஞ்சைக் கிருமி இருந்தால் அதற்குத் தீனி போட்டது போல. மாதக் கணக்கில் விட்டுக்கொண்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் விழும். மரத்துப்போகச் செய்கிற சொட்டு இன்னொரு வகை. டாக்டர் சோதிக்கும்போது ஒரு சொட்டு போடுவார், வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார். திரும்பத் திரும்பப் போட்டால் புண் ஆறவே ஆறாது. வலி வந்தால் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி.

கூலிங் கிளாஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அதைப் போட்டுக்கொண்டு வெல்டிங் பார்க்கிற நண்பர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஸ்டைலாக இருக்கும், பிரயோஜனம் இல்லை. கேஸ் வெல்டிங்குக்கு 5-ம் நம்பர் வாக்கில் கறுப்பு வேண்டும். நாம் ஓட்டுகிற சாதாரண ராடு ஆர்க்குக்கு 10 அல்லது 11. சூரியனைப் பார்க்க அதுவும் போதாது, 14-ம் நம்பர் வேண்டும். 2019 டிசம்பர் 26-ந் தேதி கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாக வளையச் சூரிய கிரகணம் போனபோது, கையில் கிடைத்த வெல்டிங் கண்ணாடியை எல்லாம் எடுத்துக்கொண்டு மொட்டை மாடி ஏறியவர்கள் உண்டு. நம்பரைப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

சரி, வெளிச்சத்தை விடுங்கள். பறந்து வருகிற பொருளுக்கு வருவோம். இதற்கு நம்ம பாடத்திலேயே கணக்கு இருக்கிறது. மார்க்குக்காகப் போடுகிற அதே பை-டி-என் பார்முலாவைக் கொஞ்சம் கண்ணுக்காகப் போட்டுப் பார்ப்போம். பெஞ்ச் கிரைண்டர் வீல் 200 மி.மீ. விட்டம், நிமிஷத்துக்கு 2850 சுற்று. ஓரத்தின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர், அதாவது மணிக்கு 107 கிலோமீட்டர். 100 மி.மீ. டிஸ்க் போட்ட ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுற்று ஓடினால் மணிக்கு 207 கிலோமீட்டர்! எக்ஸ்பிரஸ் பஸ் கூட அந்த வேகத்தில் போகாது. அங்கிருந்து கிளம்புகிற பொறி கண்ணுக்கு வர ஒரு இமைப்பொழுது கூட ஆகாது. இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். "நான் கண்ணைச் சுருக்கிக்கிட்டுத்தான் பிடிப்பேன்"னு சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

கிரைண்டர் தூசி கார்னியா மேல் ஒட்டினால் ஒவ்வொரு பட்டறையிலும் அதை எடுக்க ஒரு ‘ஸ்பெஷலிஸ்ட்’ இருப்பார். தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றுவார், வேட்டி முனையைத் திரிப்பார், சிலர் காந்தமே வைத்திருப்பார்கள். இமைக்குள் மிதக்கிற தூசியென்றால் தண்ணீர் விட்டுக் கழுவினாலே போய்விடும். குத்தி நிற்கிற இரும்புத் தூசி அப்படி இல்லை. ஒரு நாளைக்குள்ளேயே அதைச் சுற்றித் துரு வளையம் பிடிக்க ஆரம்பித்துவிடும். தூசியை எடுத்தாலும் துரு உள்ளே நிற்கும். அதை மைக்ரோஸ்கோப் வைத்து டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். தீக்குச்சிக்காரர் கிழித்து வைப்பது பார்வை போகிற பாதையின் நட்டநடுவாக இருந்தால், ஆறின தழும்பு ஆயுசுக்கும் நிற்கும்.

இதை விட மோசம் பிட்டிங் ஷாப் உளி. அடித்து அடித்து உளியின் தலை காளான் குடை மாதிரி விரிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த விளிம்பிலிருந்து ஊசி முனையளவு சில்லு தெறித்தால் கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளேயே போய்விடும். துளை தானாக மூடிக்கொள்ளும். ரத்தம் அதிகம் வராது, பார்வையும் அன்று நன்றாகவே இருக்கலாம். "ஒண்ணுமில்லடா, லேசா சுருக்னுது"ன்னு வீட்டுக்குப் போய்விடுவோம். உள்ளே கிடக்கிற இரும்பு மெல்லக் கரைந்து, மாதங்கள் போகப்போக விழித்திரையையே கெடுத்துவிடும். அதனால் சுத்தியல் வேலையின்போது கண்ணில் ‘சுருக்’ என்றால், டாக்டரிடம் "இரும்பை இரும்பால் அடித்தேன்" என்று அதே வார்த்தையில் சொல்லவேண்டும். எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது. அந்தக் காந்தத்தில் சில்லு நகர்ந்தால் கண் அவ்வளவுதான். உளியின் தலையைச் சாணை பிடித்துச் சரி செய்ய ஆகிற நேரம் 5 நிமிஷம்.

இந்த இடத்தில் ஒரு விமானியின் கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1940 ஆகஸ்ட் மாதம், கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானி ஹரிக்கேன் விமானத்தில் பறந்தார். அன்று அவர் காகிள்ஸ் போட்டிருக்கவில்லை. எதிரியின் குண்டு பட்டு, தலைக்கு மேலிருந்த பெர்ஸ்பெக்ஸ் மூடி நொறுங்கி, துணுக்குகள் கண்களில் பாய்ந்தன. ஒரு கண் போயிற்று. இன்னொரு கண்ணுக்குப் பல ஆபரேஷன். அப்படிப்பட்ட விமானிகளைக் கவனித்து வந்த டாக்டர் ஹரோல்டு ரிட்லி ஒன்றைக் கண்டார். பெர்ஸ்பெக்ஸ் துணுக்கு வருஷக்கணக்காக உள்ளே கிடந்தும் கண் அதைச் சீந்தவே இல்லை. இரும்பு, செம்பு என்றால் சும்மா விடாத கண், இந்த பிளாஸ்டிக்கை விட்டுவைத்தது. அந்த யோசனையில்தான் 1949 நவம்பர் 29-ந் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் அந்த லென்ஸை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. வெளிநாட்டு லென்ஸின் விலை எட்டாத நம்ம ஊர் அப்பத்தாக்களுக்கும் புரை ஆபரேஷனில் லென்ஸ் கிடைத்தது அதனால்தான். அக்ரிலிக் வில்லையை லேத்தில் கடைந்து பாலிஷ் போடுகிற வேலை அது. மெக்கானிக்கல்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். ஆனால் கிளீவருக்குப் போன கண் போனதுதான்.

மெக்கானிக்கல் புராணம் போதும் என்று சிவில் நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உங்களுக்கும் இருக்கிறது. ஆசிட் என்றால் எல்லோரும் ஒதுங்குகிறோம், சுண்ணாம்பு என்றால் ‘வெற்றிலைக்குத் தடவுறதுதானே’ என்கிறோம். கண்ணைப் பொறுத்தவரை ஆசிட்டை விடச் சுண்ணாம்புதான் கொடியது. ஆசிட் மேல்புறத்தைக் கருக்கி அதுவே ஒரு தடுப்பாக நின்றுவிடும். காரம் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஈரச் சிமெண்டும் காரம்தான், பி.எச். 12-க்கு மேல். கண்ணில் பட்டால் ஓடிப்போய்க் குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு 15 நிமிஷத்துக்குக் குறையாமல், முடிந்தால் அரை மணி நேரம் கழுவிவிட்டு, பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ தேடவேண்டும். ஆட்டோமொபைல் லேபில் பாட்டரி ஆசிட் தெறித்தாலும் இதேதான். சர்வே போகிறவர்களுக்கு இன்னொன்று: தியோடலைட் வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். சின்ன வயசில் பூதக்கண்ணாடியால் காகிதம் கொளுத்தியது ஞாபகம் இருக்கும். கொளுந்துவிட்டு எரிந்தாலும் விழித்திரைக்கு வலி தெரியாது. எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் சால்டர் பண்ணிவிட்டுக் கட்டரால் கால்களை நறுக்கும்போது, நறுக்கின துண்டு எங்கே பறக்கிறது என்று யாராவது பார்த்ததுண்டா? ஒரு விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு நறுக்கினால் போதும்.

கம்ப்யூட்டர் பிரிவுக்கும், ராத்திரி போர்வைக்குள் செல்போன் பார்க்கிற அனைத்துப் பிரிவுக்கும் சேர்த்து ஒரு வரி: திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, அதனால்தான் காய்ந்து எரிகிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பாருங்கள்.

பவர் கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். டிராயிங் ஹாலில் மூக்கு பேப்பரில் இடிக்கிற மாதிரி குனிந்து வரைகிறவர்கள், கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருக்கிறார்கள். கேட்டால் "கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்"னு வீட்டில் சொல்றாங்களாம். பவர் ஏறுவது கண்ணின் வளர்ச்சியால், கண்ணாடியால் அல்ல. ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடுவார்களே என்ற கூச்சம் இன்னொரு காரணம். அப்படிக் கூப்பிடுகிற வாய்கள் யாருடையவை என்று நமக்கே தெரியும். கண்ணாடி போட்டவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். பவர் கண்ணாடி போட்டிருப்பதால் கிரைண்டரில் நிற்கலாம் என்று ஒரு தைரியம் வருகிறது. பக்கவாட்டில் திறந்திருக்கிற, அடி தாங்காத அந்தக் கண்ணாடி பாதுகாப்பு ஆகாது. அதற்கு மேலே மாட்டுகிற பெரிய காகிள்ஸ் இருக்கிறது.

வேலைவாய்ப்பைச் சொன்னால்தான் நம்ம காதில் ஏறும் என்பதால் இதையும் சொல்கிறேன். டிப்ளமோ முடித்தவர்களில் பலருக்கு ரயில்வே அசிஸ்டண்ட் லோகோ பைலட் வேலை ஒரு கனவு. அதன் மருத்துவத் தகுதி ஏ-1. கண்ணாடி இல்லாமலே இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும், நிறப் பார்வை வேண்டும், இருட்டில் பார்க்கிற திறன் வேண்டும். லேசர் ஆபரேஷன் செய்து பவரை எடுத்திருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புள்ளிப் புள்ளியாக வட்டத்துக்குள் எண் மறைந்திருக்கிற படங்கள் உண்டே, ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்டவை, அவற்றைக் காட்டித்தான் நிறப் பார்வையைச் சோதிப்பார்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உள்ள ஆண்கள் நம்மிடையே நூற்றில் சிலராவது இருப்பார்கள். பிறவியிலேயே அப்படி என்பதால் அவர்களுக்கே தெரியாது. ரெசிஸ்டர் கலர் கோடு படிப்பதில் தடுமாறுவார்கள், சார் திட்டுவார், அவ்வளவுதான். இரண்டு மூன்று வருஷம் கோச்சிங் படித்து, எழுத்துத் தேர்வெல்லாம் தேறி, கடைசியில் மெடிக்கலில் அந்தப் படத்தின் முன்னால் உட்காரும்போதுதான் தெரியும் என்றால் அது எவ்வளவு பெரிய கொடுமை! முதல் வருஷம் சேரும்போதே 10 நிமிஷம் செலவழித்துச் சோதித்திருந்தால், வேறு பாதையில் படித்திருப்பானே. நிறக்குறை இருந்தால் உலகம் முடிந்துவிடாது. எந்த வேலைக்கு அது தடை, எதற்குத் தடையில்லை என்பது முன்கூட்டியே தெரியவேண்டும்.

இனி அந்த பீரோ. ஸ்டோர்ஸில் இரண்டு ரெஜிஸ்டர் இருக்கிறது. ஒன்று தீர்ந்துபோகிற சாமான்: வெல்டிங் ராடு, ஹாக்சா பிளேடு, காட்டன் வேஸ்ட். எரிந்தால், உடைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். மற்றது வைத்துக் காப்பாற்ற வேண்டிய சாமான்: வைஸ், வெர்னியர், மோட்டார். காகிள்ஸ் இந்த இரண்டாவது ரெஜிஸ்டரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வருஷா வருஷம் ஸ்டாக் எண்ணும்போது எண்ணிக்கை குறைந்தால் ஸ்டோர்ஸ் சார் பதில் சொல்லவேண்டும். கீறல் விழுந்ததைத் தள்ளுபடி செய்ய கமிட்டி கூடவேண்டும். எந்த மனுஷன் பீரோவைத் திறப்பார்? 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் கண் பாதுகாப்புக்கென்றே 35-வது பிரிவு எழுதினார்கள். தெறிக்கிற துணுக்குக்கும் கூசுகிற வெளிச்சத்துக்கும் தடுப்போ காகிள்ஸோ தரவேண்டும் என்று அதில் சொன்னார்கள். ஆலைக்குள் போனால் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியே கண்ணாடி இல்லாமல் உள்ளே விடமாட்டார். அந்த ஆலைக்கு ஆள் தயாரிக்கிற நம்ம ஷாப்பில் மட்டும் அது அலங்காரப் பொருள்.

"வெளிப் பட்டறையில யாரும் போடறதில்லையே, நாம மட்டும் ஏன்?"னு கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. காகிள்ஸ் வேர்க்கும், மூச்சுப் பட்டுப் பனி படரும், பழைய பிளாஸ்டிக் கீறலில் அளவே தெரியாது. நம்ம ஷாப்பில் ஆணியில் தொங்குகிற ஒன்றைப் போட்டால் எனக்கும் தெரியாது. அது போடாததற்குக் காரணமே தவிர, நல்லதாகக் கேட்டு வாங்காததற்குக் காரணம் அல்ல. நல்ல பாலிகார்பனேட் காகிள்ஸ் ஒன்றின் விலை, சினிமா டிக்கெட்டும் இடைவேளை பாப்கார்னும் சேர்ந்த விலைக்குள் அடங்கிவிடும்.

பஸ் பாஸுக்கு நம்ம சங்கம் போராடியது, கேன்டீன் டீ தண்ணியாக இருக்கிறது என்று தீர்மானம் போட்டது. எனக்கு அதில் பெருமைதான். அடுத்த செயற்குழுவில் இதையும் எடுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். காகிள்ஸை ராடு, பிளேடு இருக்கிற ரெஜிஸ்டருக்கு மாற்றி, ஒர்க் ஷாப் கோட் மாதிரி முதல் வருஷத்திலேயே ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்துவிட வேண்டும். கட்டணத்தோடு சேர்த்து வாங்கினாலும் சரி. வெல்டிங் பேச்சுக்கு ஆளுக்கொரு ஷீல்டு முடியாதென்றால், 20 பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து 5 ஷீல்டு வாங்கட்டும், மற்ற பேர் திரைக்கு வெளியே நிற்கட்டும். அந்தத் திரை தார்ப்பாயாக இருந்தாலும் போதும். கிரைண்டரில் கழற்றி வைத்த கண்ணாடித் தடுப்பு ஸ்டோர்ஸ் பரணில்தான் கிடக்கிறது, 2 போல்ட் வேலை. முதல் வருஷ மாணவர்களுக்கு நிறப் பார்வையோடு சேர்த்து ஒரு கண் பரிசோதனை முகாம் வேண்டும். கண் மருத்துவமனைகளுக்கு எழுதிக் கேட்டால் கல்லூரிக்கே வந்து நடத்துகிறார்கள். எழுத நான் தயார். சங்கத்தின் முத்திரையும் செயலாளர் கையெழுத்தும் வேண்டும்.

மலர் வெளியீட்டு விழாவுக்கு முதல்வர் அவர்கள் வருகிறார், மனுவை அன்றைக்கே கொடுத்துவிடலாம். மனுவில் எண்ணிக்கை சரியாக இருக்கவேண்டும் என்பதால் பீரோவுக்குள் எத்தனை காகிள்ஸ் இருக்கிறது என்று முதலில் எண்ணியாக வேண்டும். சாவி ஸ்டோர்ஸ் சாரிடம் இருக்கிறது. செவ்வாய், வியாழன் மத்தியானம் 2 மணிக்கு மேல் அவர் சீட்டில் இருப்பார். கூட வருகிறவர்கள் என்னைப் பார்க்கலாம்.